முதியவர்களைக் குனியச் சொல்வதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் உடல்நலப் பக்கத்தில் அண்மையில் வெளியான ஒரு படத்தைப் பற்றி எழுதுகிறேன். எழுபதைத் தாண்டிய அம்மையார் ஒருவர் முழங்கால் மடங்காமல் குனிந்து, இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் பதித்து நிற்கிறார். 'முதுமையை வென்றவர்' என்று தலைப்புக் கொடுத்திருந்தீர்கள். அந்த அம்மையார் நீடூழி வாழட்டும். அவருடைய பயிற்சிக்கும் கட்டுப்பாட்டுக்கும் என் வணக்கம். ஆனால் படம் வெளியான வாரத்தில் எங்கள் தெருவிலேயே அறுபது வயதைக் கடந்த சில பெண்கள், 'நம்மால் ஏன் முடியவில்லை' என்று வீட்டில் குனிந்து பார்த்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். கடிதம் நீளமாக இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

நான் டெல்டா மாவட்டத்து அரசு மருத்துவமனைகளில் இயன்முறை சிகிச்சைப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவள். பச்சைக் குழந்தையிலிருந்து படுத்த படுக்கையான முதியவர் வரை பலருடைய முதுகைத் தொட்டும் அளந்தும் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்து ஒன்றை உறுதியாகச் சொல்கிறேன். முதுகு எவ்வளவு வளையும் என்பது வயதுக்கு வயது மாறும். முதியவரின் முதுகு மெல்ல மெல்ல விறைத்துப்போவது பெரும்பாலும் இயற்கை. இளைஞனின் முதுகு மாதக்கணக்கில் விறைத்திருந்தால் அது விசாரிக்க வேண்டிய அறிகுறி. நம் வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. தாத்தாவால் குனிய முடியவில்லை என்றால் ஸ்கேன் எடுக்க ஓடுகிறோம். காலையில் படுக்கையை விட்டு எழவே அரைமணி நேரம் தடுமாறும் இருபத்திரண்டு வயதுப் பையனிடம், 'எந்நேரமும் செல்போனோடு படுத்துக் கிடந்தால் இப்படித்தான்' என்று சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

பிறந்த குழந்தையிலிருந்தே தொடங்குகிறேன். முதுகின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

கருப்பையில் சுருண்டு கிடந்த வளைவோடுதான் குழந்தை பிறக்கிறது. பொதுவாக 33 முள்ளெலும்புகள்: கழுத்தில் 7, மார்புக்குப் பின்னால் 12, இடுப்பில் 5, அதற்குக் கீழே 5, வால்முனையில் 4. கடைசியில் சொன்ன இரண்டு வரிசைகளும் வளர வளர ஒட்டிப்போகும். இடுப்புக்குக் கீழே உள்ள ஐந்து எலும்புகளும் முழுதும் ஒன்றாவதற்கு இருபத்தைந்து வயதுக்கு மேலும் ஆகலாம். கழுத்திலும் இடுப்பிலும் முன்பக்கமாக உள்ள வளைவுகள் குழந்தை தன் முயற்சியால் உறுதிப்படுத்திக்கொள்பவை. நம் பிள்ளைத்தமிழ் இலக்கியம் குழந்தையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாகப் பிரித்ததை நினைத்துப் பாருங்கள். செங்கீரைப் பருவம் ஐந்தாம் மாதத்தை ஒட்டியது. ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, இரண்டு கைகளையும் தரையில் ஊன்றித் தலையை நிமிர்த்திக் குழந்தை ஆடும். கழுத்தின் வளைவை வலுப்படுத்தும் அசைவு அதுவேதான். உட்கார்ந்து கைகொட்டும் சப்பாணிப் பருவத்தில் முதுகு தன் பாரத்தைத் தானே தாங்கப் பழகுகிறது. தளர்நடை போட்டு வரும் வருகைப் பருவத்தில் இடுப்பின் வளைவு நிலைபெறத் தொடங்குகிறது. எந்த ஸ்கேனும் இல்லாத காலத்தில், பாயில் கிடந்த குழந்தையைப் பார்த்துப் பார்த்தே இதைக் கண்டுகொண்டவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. இப்போது பல வீடுகளில் குழந்தை நாற்காலியிலும் மடியிலும் சக்கர வாக்கரிலுமாகவே வளர்கிறது. விழித்திருக்கும் நேரத்தில், பெரியவர்கள் அருகில் இருக்கும்போது, குழந்தையைத் தரையில் குப்புற விடுங்கள். அதன் முதுகுக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் இருப்பதை மருத்துவர்கள் டிஸ்க் என்கிறார்கள், நோயாளிகள் ஜவ்வு என்கிறார்கள். முதுகு வளைவதும் அதிர்வைத் தாங்குவதும் பெருமளவு இதனால்தான். சுற்றிலும் வரிவரியாக நார், நடுவில் கூழ். குழந்தையின் டிஸ்க் இளநுங்கு போன்றது. அழுத்தினால் குழையும், விட்டால் பழையபடி நிமிரும். வயதாக ஆக முற்றிய நுங்காக மாறுகிறது. பிறக்கும்போது நடுக்கூழில் ஏறத்தாழ 90 விழுக்காடு தண்ணீர். முதுமையில் அது 70 விழுக்காட்டை ஒட்டி இறங்கிவிடும். இந்த மாற்றம் ஐம்பது வயதில் தொடங்குவதாகத்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. சிறு குழந்தையின் டிஸ்குக்கு அருகில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் உண்டு. பத்து வயதை எட்டுவதற்குள் அவை பெரும்பாலும் மறைந்துவிடுகின்றன. அதன்பிறகு எலும்பின் விளிம்பு வழியாகக் கசிந்து வரும் சத்துதான் டிஸ்குக்கு உணவு. பத்திலிருந்து இருபது வயதுக்குள்ளேயே திசுவில் முதல் மாற்றங்கள் தென்படத் தொடங்கிவிடும். தேய்மானம் என்று நாம் பயப்படுவது பள்ளிப் பருவத்திலேயே தொடங்கும் ஒன்று என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொண்டால், பிறகு நான் சொல்லப் போவது எளிதாகப் புரியும்.

பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒன்று. கேலோ இந்தியா உடற்தகுதி மதிப்பீட்டில் மாணவர்களை உட்காரவைத்து, காலை நீட்டி, கையால் பெட்டியின் மேல் எட்டித் தொடச் சொல்லும் ஒரு சோதனை இருக்கிறது. 1952ஆம் ஆண்டில் வெல்ஸ், டில்லன் என்ற இருவர் அறிமுகப்படுத்திய சோதனை அது. நல்ல சோதனைதான். ஆனால் அது முதுகை மட்டும் அளப்பதில்லை. தொடையின் பின்தசை, கால் நீளம், கை நீளம் எல்லாம் சேர்ந்துதான் அந்த சென்டிமீட்டர் வருகிறது. பன்னிரண்டு முதல் பதினான்கு வயதில் கால் எலும்புகள் முந்திக்கொண்டு வளரும், உடம்பும் தசையும் பின்னால் வரும். போன ஆண்டு கால்விரலைத் தொட்ட பையனுக்கு இந்த ஆண்டு எட்டாமல் போவது சகஜம். உடற்கல்வி ஆசிரியர்கள் அவனைச் சோம்பேறி என்று திட்ட வேண்டாம். முதுகில் ஏறி உட்கார்ந்து அழுத்தவும் வேண்டாம். இதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். அதேபோல் மிக நன்றாக வளையும் பிள்ளைகளையும் கவனிக்க வேண்டும். நடனம், ஜிம்னாஸ்டிக்ஸ், மல்லர் கம்பம், வேகப்பந்து வீச்சு ஆகியவற்றில் முதுகைத் திரும்பத் திரும்பப் பின்னால் வளைக்கும் பிள்ளைக்கு முள்ளெலும்பின் மெல்லிய பாலம் போன்ற பகுதியில் விரிசல் விழலாம். பும்ரா 2019இல் கீழ்முதுகில் ஏற்பட்ட அத்தகைய அழுத்த முறிவால் டெஸ்ட் தொடரிலிருந்து விலகியது பலருக்கு நினைவிருக்கும். பின்னால் வளையும்போது மட்டும் ஒரு குறிப்பிட்ட இடத்தில் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். 'வலித்தால்தான் வளையும்' என்று எந்தப் பயிற்சியாளர் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இனி நான் மிகவும் கவலைப்படும் வயதுக்கு வருகிறேன்.

அரசுப் பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர் எங்கள் பிரிவுக்கு வந்தார். பல மாதங்களாக இடுப்பு வலி. வேறோர் இடத்தில் ஊசியும் மாத்திரையும் கொடுத்து, பெல்ட் போட்டு, 'ஓய்வெடுங்கள்' என்று அனுப்பியிருந்தார்கள். ஓய்வெடுத்தால்தான் வலி அதிகமாகிறது என்றார் அவர். பின்னிரவில் வலியால் விழிப்பு வருகிறது; காலையில் மரக்கட்டையாக எழுந்து, நடக்க நடக்க, மதியத்துக்குள் சரியாகிவிடுகிறது. பகலில் நன்றாகத் திரிவதால் வீட்டில் யாரும் அவரை நம்பவில்லை. இடையில் கண் சிவந்து வலித்ததையும் சொன்னார். மெட்ராஸ் ஐ என்று நினைத்துச் சொட்டு மருந்து போட்டுக்கொண்டாராம்.

அவரைச் சட்டையைக் கழற்றி நிற்கச் சொன்னேன். இடுப்பின் பின்புறம் இரண்டு பக்கமும் சிறு குழிகள் தெரியும். அவற்றை இணைக்கும் கோட்டின் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி. அதற்கு மேலே 10 சென்டிமீட்டரில் ஒன்று, கீழே 5 சென்டிமீட்டரில் ஒன்று. தையல்காரர் வைத்திருப்பதுபோன்ற டேப்பை அந்த இரண்டு புள்ளிகளிலும் பிடித்துக்கொண்டு, முழங்காலை மடக்காமல் முடிந்தவரை குனியச் சொல்ல வேண்டும். அந்த வயதில் 15 சென்டிமீட்டர் குறைந்தது 20 ஆக நீள வேண்டும். அவருக்கு 17ஐ எட்டவில்லை. கை என்னவோ கணுக்கால்வரை போனது. வளைந்தது முதுகல்ல, இடுப்பு மூட்டுகள். மேலிருந்து பார்த்தால் முதுகு பலகைபோல் அப்படியே சாய்ந்தது. ஷோபர் என்ற ஜெர்மன் மருத்துவர் 1937இல் சொன்ன முறை இது; 1969இல் மெக்ரே, ரைட் என்ற இருவர் கீழே 5 சென்டிமீட்டரைச் சேர்த்துத் திருத்தினார்கள். செலவு என்று பார்த்தால் ஒரு டேப், ஒரு பேனா.

மருத்துவர் ரத்தப் பரிசோதனையும் இடுப்பெலும்பு மூட்டுக்கு எம்.ஆர்.ஐ.யும் எழுதினார். ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் என்ற அழற்சி நோய் உறுதியானது. உடலின் எதிர்ப்பாற்றலே முதுகின் மூட்டுகளைத் தாக்கி, கவனிக்காமல் விட்டால் காலப்போக்கில் எலும்போடு எலும்பை ஒட்டவைத்துவிடும் நோய். பெரும்பாலும் நாற்பத்தைந்து வயதுக்குள் தொடங்கும். இருபதுகளில் வருவதே அதிகம். ஆண்களின் நோய் என்று எண்ணி இளம்பெண்களுக்கு இதைத் தேடாமலே விட்டுவிடுவதும் நடக்கிறது. வலி தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்தே கண்டுபிடிக்கப்படுவது உலகெங்கும் உள்ள குறை. இன்று இதற்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. நாள்தோறும் உடற்பயிற்சி செய்பவர்கள் வேலைக்குப் போகிறார்கள், குடும்பம் நடத்துகிறார்கள். அந்த இளைஞரும் அப்படித்தான் இருக்கிறார். ஆனால் விறைத்து ஒட்டிய மூட்டை எந்தப் பயிற்சியும் திருப்பித் தராது. அதனால்தான் மன்றாடிக் கேட்கிறேன்: வீட்டில் இளவயதினர் யாருக்காவது மூன்று மாதங்களுக்கு மேல் முதுகு வலி இருந்து, காலை விறைப்பு அரைமணி நேரத்துக்கு மேல் நீடித்து, ஓய்வில் கூடி, அசைந்தால் குறைந்தால், அதிலும் கண் சிவந்து வலிப்பதும் சேர்ந்திருந்தால், வாத நோய் (ருமட்டாலஜி) மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

நடுவயதினருக்கு நேர்மாறான தொல்லை. நாற்பதிலிருந்து ஐம்பதுக்குள் இடுப்பின் வளைவில் ஒரு சரிவு, அறுபதுக்குப் பிறகு இன்னொரு சரிவு என்று ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் சொல்கிறார்கள். எலும்புகளின் பின்புறம் உள்ள மஞ்சள்நிற நாரில் ஏறத்தாழ 80 விழுக்காடு மீள்தன்மையுள்ள புரதம். அது வயதில் குறைந்து, நார் தடிக்கிறது. சிறு மூட்டுகளின் ஓரத்தில் எலும்பு துருத்துகிறது. இதெல்லாம் முடி நரைக்கும் வரிசையில் வருபவை. ஆனால் ஸ்கேன் அறிக்கையில் 'தேய்மானம்', 'ஜவ்வு பிதுக்கம்' என்று எழுதிக் கையில் கொடுத்துவிட்டால் மனிதர் உடைந்துபோகிறார். நெல் மூட்டை தூக்கிப் பிழைத்த ஒருவர், அறிக்கையைப் பார்த்த நாளிலிருந்து கயிற்றுக் கட்டிலைவிட்டு இறங்காமல் கிடந்து, கால் தசை வற்றிய நிலையில் எங்களிடம் வந்தார். அவரைப் படுக்கவைத்தது ஜவ்வு அல்ல, அறிக்கை.

2015இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பை எல்லா மருத்துவமனைகளிலும் எழுதி ஒட்டலாம். முதுகு வலி சிறிதும் இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். இருபது வயதினரில் 37 விழுக்காட்டினருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. எண்பது வயதினரில் 96 விழுக்காடு. டிஸ்க் பிதுக்கம் இருபது வயதினரிலேயே 30 விழுக்காடு, எண்பதில் 84 விழுக்காடு. இவர்கள் யாருக்கும் வலி இல்லை என்பதை மறுபடியும் சொல்கிறேன். பின்லாந்தில் இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள், டிஸ்க் தேய்மானத்தில் செய்யும் தொழிலைவிடப் பரம்பரைக்கே பங்கு அதிகம் என்று காட்டின. மூட்டை தூக்கியதால் வாழ்க்கை போயிற்று என்று அந்த மனிதர் தன்னையே நொந்துகொண்டிருக்கத் தேவையில்லை. ஸ்கேன் வேண்டியது எப்போது என்றால், கால் வலுவிழக்கும்போது, சிறுநீர் மலம் கட்டுப்படாமல் அல்லது வராமல் போகும்போது, உட்காரும் இடம் மரத்துப்போகும்போது, காய்ச்சலோ காரணமில்லாத எடைக்குறைவோ சேர்ந்திருக்கும்போது, விழுந்து அடிபட்டபோது. அப்போது ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

ஒரே நாளுக்குள்ளும் முதுகு மாறுகிறது. இரவில் படுத்திருக்கும்போது டிஸ்குகள் நீரை உறிஞ்சி உப்புகின்றன. காலையில் எழும்போது நாம் மாலையைவிட ஏறத்தாழ ஒரு விழுக்காடு உயரம். சராசரி மனிதருக்கு ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர். அதில் பாதி எழுந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே இறங்கிவிடும். உப்பிய டிஸ்கை அந்த நேரத்தில் குனிந்து மடக்கினால் அதன்மேல் விழும் அழுத்தம் மற்ற நேரத்தைவிடப் பல மடங்கு என்று 1987இல் ஆய்வுக்கூடத்தில் அளந்து காட்டினார்கள். நாள்பட்ட இடுப்பு வலி உள்ளவர்கள் காலையில் குனிவதைத் தவிர்த்ததில் வலி குறைந்ததாக 1998இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. நம் வீட்டுப் பெண்கள் என்ன செய்கிறார்கள்? எழுந்ததும் எழாததுமாகக் கட்டை விளக்குமாற்றால் வாசல் பெருக்கி, சாணம் தெளித்து, குனிந்தபடியே கோலம் போடுகிறார்கள். மார்கழியில் அந்தக் கோலம் தெருவை அடைக்கும் அளவுக்கு விரிகிறது. கோலத்தை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது. நானும் போடுகிறவள். பாலைக் காய்ச்சிவிட்டு, கொஞ்சம் நடமாடிவிட்டு, அரைமணி ஒரு மணி நேரம் கழித்துப் போடலாம். நீளக் கைப்பிடி வைத்த விளக்குமாறு வாங்கலாம். முழங்காலை லேசாக மடக்கி, இடுப்பு மூட்டிலிருந்து குனியலாம். முழங்கால் இடம் கொடுத்தால் குத்துக்காலிட்டும் போடலாம்.

இப்போது அந்தப் படத்துக்கு வருகிறேன்.

டெல்டாவில் நடவு நட்டுப் பழகிய மூதாட்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். எழுபது வயதிலும் அநாயாசமாகக் குனிவார்கள். நிமிர்வதுதான் அவர்களுக்குப் பாடு. தொடையில் கையை ஊன்றி, கட்டம் கட்டமாக எழுந்து, முழுதும் நிமிராமலே நடக்கத் தொடங்கிவிடுவார்கள். முதுமையில் அதிகமாக இழக்கப்படுவது பின்னோக்கி நிமிரும் அசைவுதான். ஆக, வயதானவர்களிடம் காப்பாற்றிக் கொடுக்க வேண்டியது குனிவதை அல்ல, நிமிர்வதை. நிமிர்ந்தால் மூச்சு நன்றாக விரியும், எதிரே வருவது தெரியும், தடுக்கி விழாமல் இருக்கலாம். எத்தனையோ வீடுகளில் பாட்டி விழுந்து தொடையெலும்பு முறிந்த கதையின் தொடக்கம் கூன் விழுந்ததில் இருக்கிறது.

பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற பிறகு வரும் சில ஆண்டுகளில் எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறையும். முள்ளெலும்பின் முன்பக்கம் நொறுங்கி ஆப்புப்போல் ஆகிவிடும். விழ வேண்டும் என்பதில்லை. குடத்தைத் தூக்கும்போது, தும்மும்போதுகூட நடக்கும். இத்தகைய முறிவுகளில் மூன்றில் இரண்டு பங்கு முறிவு என்றே யாருக்கும் தெரியாமல், 'வயதானால் வரும் வலி' என்று கழிந்துவிடுகிறது. குனியும்போது பாரம் முழுவதும் எலும்பின் முன்பக்கத்தில்தான் விழுகிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மெஹர்ஷீத் சினாகி என்ற மருத்துவரும் உடன் பணியாற்றியவரும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், முதுகெலும்பு வலுவிழந்த 59 பெண்களைப் பிரித்துக் கவனித்தார்கள். முதுகை நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் 16 விழுக்காட்டினருக்குப் புதிய முறிவு ஏற்பட்டது. முன்னால் குனியும் பயிற்சி செய்தவர்களில் 89 விழுக்காடு. பயிற்சியே செய்யாதவர்களில் 67 விழுக்காடு. சிறிய ஆய்வு என்பது உண்மை. இருந்தாலும், தவறான பயிற்சி செய்தவர்கள் சும்மா இருந்தவர்களைவிட மோசமாகப் பாதிக்கப்பட்டார்கள் என்ற செய்தியைப் படித்த நாளிலிருந்து, எலும்பு அடர்த்தி தெரியாத எந்தப் பாட்டியையும் நான் குனியச் சொன்னதில்லை.

இதை யோகாவுக்கு எதிராக எழுதவில்லை. நான் நாள்தோறும் செய்பவள். ஜூன் 21 உலக யோகா நாளுக்கென அரசு வெளியிட்ட பொது நெறிமுறையிலேயே, நின்றபடி குனிந்து தரையைத் தொடும் பாதஹஸ்தாசனத்துக்குக் கீழே, முதுகுப் பிரச்சினையும் டிஸ்க் கோளாறும் உள்ளவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும் என்ற எச்சரிக்கை இருக்கிறது. மைதானத்தில் நூற்றுக்கணக்கானவர்களை வரிசையாக நிறுத்தி ஒலிபெருக்கியில் எண்ணிக்கை சொல்லும்போது அந்த எச்சரிக்கை யார் காதிலும் விழுவதில்லை. எங்கள் ஊரில் அப்படி ஒரு நிகழ்ச்சியில் முன்வரிசையில் நின்ற பாட்டியை, 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்' என்று தன்னார்வலர் ஒருவர் தோளைப் பிடித்து அழுத்தியதைப் பார்த்து நான் ஓடிப்போய்த் தடுத்தேன். அந்தப் பிள்ளை கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது' என்று சோர்ந்து போகவும் வேண்டாம். அந்தப் பழமொழி பிள்ளை வளர்ப்புக்குச் சொன்னது. எழுபது வயதிலும் தசை பயிற்சிக்கு வசப்படும். டிஸ்கில் வற்றிய நீர் திரும்பாது. ஆனால் தொடையின் பின்தசையும் இடுப்பு மூட்டும் முதுகைத் தாங்கும் தசைகளும் தேறினால், குனிய வேண்டிய வேலையில் பாதியை முதுகுக்குப் பதில் அவை செய்துவிடும். சுவரில் முதுகைச் சாய்த்து, குதிகாலையும் பின்தலையையும் சுவரில் தொடவைத்து நிற்பது. நாற்காலியில் உட்கார்ந்து தோள்களைப் பின்னுக்கு இழுப்பது. முடிந்தவர்கள் கட்டிலில் சிறிது நேரம் குப்புறப் படுப்பது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்வது. இவை போதும். கழுத்தைத் திருப்பும் அசைவில் ஏறத்தாழ பாதி முதல் இரண்டு எலும்புகளுக்கிடையில்தான் நடக்கிறது. மற்ற இடங்கள் விறைத்தாலும் அது பெரும்பாலும் நீடிக்கும். ஆகவே சாலையைக் கடக்கும் முன் இரு பக்கமும் திரும்பிப் பார்க்கும் பழக்கத்தைப் பெரியவர்கள் விட்டுவிடக் கூடாது.

தங்களிடம் எனக்கு இரண்டு கோரிக்கைகள். உடல்நலப் பக்கத்தில் முதியவர்கள் குனிந்து தரையைத் தொடும் படங்களைப் பாராட்டி வெளியிடும்போது, யார் இதைச் செய்யக் கூடாது என்று பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போடுங்கள். அடுத்து, 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் பணியாளர்கள் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். இயன்முறை சிகிச்சையும் தருகிறார்கள். அவர்கள் அறுபது வயதைக் கடந்தவர்களின் உயரத்தையும் ஆண்டுக்கு ஒருமுறை அளந்து எழுதிவைக்க வேண்டும் என்று ஒரு தலையங்கம் எழுதுங்கள். இளமையில் இருந்த உயரத்திலிருந்து 4 சென்டிமீட்டர் குறைந்திருந்தாலோ, அளக்கத் தொடங்கிய பிறகு 2 சென்டிமீட்டர் குறைந்தாலோ, முள்ளெலும்பு நொறுங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய உயரம் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். கல்யாணத்துக்கு ஜாதகத்தோடு கொடுத்த குறிப்பில் இருக்கும். முதல் பிரசவத்தின்போது செவிலியர் எழுதிய அட்டையைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எதுவும் இல்லாதவர்களுக்கு இந்த ஆண்டு அளப்பதே முதல் கணக்கு. சுவரில் ஒரு கோடும் ஒரு டேப்பும் இருந்தால் போதும். இதற்குத் தனியாக நிதி ஒதுக்கவேண்டிய அவசியமும் இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயன்முறை சிகிச்சையாளர்,
கும்பகோணம்.